பிளக் பொருந்தினால் போதுமா?

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் பச்சை நம்பர் பிளேட் கார்களை இப்போது வளவனூரிலும் பார்க்கலாம். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து உறவினர் அப்படியொரு எலெக்ட்ரிக் காரில் வந்து இறங்கினால், வீட்டாருக்குச் சமையலோடு இன்னொரு கவலையும் சேரும்: வண்டியை எந்த பாயிண்டில் சார்ஜ் போடுவது?

காரோடு வரும் சார்ஜரின் பிளக் 16 ஆம்பியருக்கானது. மூன்று பின்னும் தடி. வாசலில் இருப்பதோ செல்போனுக்குப் போட்ட 6 ஆம்பியர் பாயிண்ட். நுழையாது. உடனே எலெக்ட்ரிகல் கடைக்கு ஆள் ஓடும். ஒரு பக்கம் பெரிய ஓட்டை, மறுபக்கம் சின்ன பின் வைத்த ‘கன்வர்ஷன் பிளக்’ வந்துசேரும். செருகியதும் சார்ஜ் ஏறுகிறது. கோளாறும் அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வேறு முகம். அங்கே ஒரே வீட்டில் 120 வோல்ட்டும் உண்டு, 240 வோல்ட்டும் உண்டு. படுக்கை, அடுப்போடு ஊர் சுற்றும் வேன்களுக்கான 30 ஆம்பியர் பாயிண்ட் 120 வோல்ட். துணி உலர்த்தும் மெஷினுக்கான பழைய பாணி 30 ஆம்பியர் பாயிண்ட் 240 வோல்ட். இரண்டிலும் மூன்று ஓட்டை. ஒயர்மேன் ஆம்பியரை மட்டும் பார்த்து, வேனுக்கு 240-ஐக் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சாமான்கள் எரிந்துபோகும்.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் எந்த பாயிண்டிலும் 230 வோல்ட்தான். பின்னின் பருமன் சொல்வதெல்லாம் ஆம்பியரை: 6 ஆம்பியருக்குச் சுமார் 5 மி.மீ., 16 ஆம்பியருக்குச் சுமார் 7 மி.மீ. பிரிட்டன்காரர்கள் தந்த உருண்டைப் பின் இது. அவர்கள் 1947-இல் பட்டைப் பின்னுக்குத் தரம் வகுத்து மாறிக்கொண்டார்கள், நாம் விடவில்லை.

சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 5 ஆம்பியர் ஓடும் இடத்தில் 15 ஓடினால் சூடு மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. மிக்ஸி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். காரோ விடிய விடிய இழுக்கும். 3 கிலோவாட் வீதம் 30 யூனிட் ஏற 10 மணி நேரம். சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் பித்தளை சற்றே தளர்ந்திருந்தால் அங்கே மின்தடை கூடும், சூடு கூடும், அந்தச் சூட்டில் பிடி இன்னும் தளரும். முதலில் பிளாஸ்டிக் பழுப்பாகும். பிறகு கருகல் வாடை.

எம்.சி.பி. ட்ரிப் ஆகாதா? ஆகாது என்பதுதான் விந்தை. அது பார்ப்பது லைனில் ஓடும் மொத்த மின்னோட்டத்தை மட்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 15 ஆம்பியர் நியாயமான கணக்கு. லைனின் கடைசியில் 6 ஆம்பியர் பிளக் ஒன்று உருகுவது அதற்குத் தெரியாது.

கன்வர்ஷன் பிளக்கைக் கடையில் விற்பதே தப்பு என்பேன். அடுத்த பொங்கலுக்குள் ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்து, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜே ஏற்காது.