முப்பது பிள்ளைகளுக்கு முப்பது கலைடாஸ்கோப்: ஒரு செலவுக் கணக்கு

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒளிப் பாடத்தில் கலைடாஸ்கோப் வருகிறது. பெரும்பாலும் படத்தோடு நின்றுவிடுகிறது. செய்துகாட்டினாலும் மேசைமேல் ஒன்றுதான் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி கடைத்தெருவில் கிடைக்கும் சாமான்களை மட்டும் வைத்து, முப்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கொன்று செய்ய எவ்வளவு ஆகும்? ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கீழே உள்ள விலைகள் என் மதிப்பு. கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும். அளவுகள் மாறாது.

ஒரு குழாய்க்கு 6 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று முகம் பார்க்கும் கண்ணாடிப் பட்டைகள் வேண்டும். முப்பதுக்கு 90. கண்ணாடிக் கடையில் இரண்டுக்கு மூன்று அடி அளவில், 3 மி.மீ. தடிமனில் ஒரே பலகையாகக் கேளுங்கள். அதில் 96 பட்டைகள் விழும். உடைசலுக்கு ஆறு மிச்சம். வைரத்தால் கீறி ஒடிப்பதால் சேதாரமும் இல்லை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நீளத்தை 7 அங்குலமாக்கினால், எல்லாவற்றையும் ஒரே வாக்கில் வெட்டும்போது அதே பலகையில் 80 பட்டைகள்தான் வரும். 26 குழாய்க்கு மேல் தேறாது. நான்கு பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த ஒரு அங்குலம் வேண்டவே வேண்டாம். முழுப் பலகையின் எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல், ஆகவே பேருந்திலேயே கொண்டுவந்துவிடலாம்.

குழாய்க்கு 22-க்கு 28 அங்குலச் சார்ட். நீளவாக்கில் 7 அங்குலமாக நறுக்கினால் நான்கு துண்டுகள். முக்கோணமாகக் கட்டிய கண்ணாடியைச் சுற்றி 22 அங்குலத்தையும் சுருட்டினால் மூன்றரைச் சுற்றுக்கு மேல் வரும். குழாய் விறைப்பாக நிற்கும். எட்டுச் சார்ட் போதும். கண் வைக்கும் துளை மூடிக்குக் கறுப்புச் சார்ட் ஒன்று.

கண்ணாடி 6 சதுர அடி, 90 வீதம்: 540
வெட்டுக்கூலி: 150
சார்ட் 9: 90
ஓ.எச்.பி. தாள் 3: 30
உப்புத்தாள்: 20
டேப் 2 சுருள்: 90
பசை: 60
மொத்தம்: 980 ரூபாய்

ஆளுக்கு 33 ரூபாய்கூட ஆகவில்லை. இதில் 70 விழுக்காடு கண்ணாடிக்கே போகிறது. அங்கே கைவைத்து, வெள்ளி நிற ஜிகினாத் தாளை ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டாதீர்கள். 60 பாகையில் சாய்ந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பொருளுக்கு 360-ஐ 60-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் ஐந்து பிம்பங்கள் தோன்றும். மூன்றாவது கண்ணாடி அந்தக் கோலத்தைப் பார்வை முழுக்கப் பரப்புகிறது. ஒளி மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றில் 85 பங்கு திரும்பினால் ஐந்தாம் முறை 44 மிஞ்சும். 70 பங்குதான் திரும்பும் என்றால் 17-தான். ஓரங்கள் இருண்டுபோகும்.

வண்ணத்துக்குச் செலவே இல்லை. இரண்டரை அங்குல விட்டமுள்ள கண்ணாடி வளையலின் சுற்றளவு ஏறக்குறைய 20 செ.மீ. ஒரு செ.மீ. துண்டுகளாக உடைத்தால் இருபது. ஒரு குழாய்க்கு ஒரு வளையல். நிறம் கலக்க நான்கு பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்ளட்டும். உடைந்த வளையல் இல்லாத வீடு ஏது? உடைப்பதைத் துணிக்குள் வைத்துப் பெரியவர்களே செய்ய வேண்டும். பட்டைகளின் விளிம்பையும் டேப் ஒட்டியே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். குன்றிமணி போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது நஞ்சு, ஒளியும் ஊடுருவாது.

ஓ.எச்.பி. தாளில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 20 வட்டங்கள் வரும், தேவை 60. பாதியை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கி வெளிப்பக்கம் வையுங்கள். தெளிவானது உள்ளே. இரண்டுக்கும் நடுவே அரை அங்குல அறை, அதில் பாதிக்குமேல் துண்டுகளை நிரப்பக் கூடாது. நிரப்பினால் புரளாது, புரளாவிட்டால் கோலமும் மாறாது.

ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் இதை 1816-இல் கண்டுபிடித்து, 1817-இல் காப்புரிமை பெற்றார். மூன்றே மாதத்தில் லண்டனிலும் பாரிசிலும் இரண்டு லட்சம் விற்றதாகச் சொல்வார்கள். நாளுக்கு 2,200-க்குக் குறையாது. பார்த்தவர்கள் எல்லாரும் எளிதாகச் செய்துவிட்டதால் காப்புரிமையால் அவருக்குப் பெரிய லாபமில்லை. அந்த எளிமைதான் இன்று நம் பிள்ளைகளுக்கு லாபம்.

ஆசிரியர்களே, ஒளிப் பாடம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே உடைந்த வளையல்களைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். செய்து முடித்த குழாயை ஜன்னலை நோக்கிப் பிடிக்கட்டும், வானத்தை நோக்கிப் பிடிக்கட்டும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்க விடாதீர்கள்.