விமானப் பயிற்சிப் பள்ளியைத் தெரிவு செய்தல்

விமானப் பயிற்சிப் பள்ளி என்பது வானூர்தி ஓட்டக் கற்பித்து, மாணவரை விமானி உரிமத்துக்கு ஆயத்தப்படுத்தும் நிறுவனம் ஆகும். இந்தியாவில் பயணிகள் விமானத்தின் விமானியாக விரும்புபவர் முதலில் வணிக விமானி உரிமம் பெறுதல் வேண்டும். இவ்வுரிமத்தை வழங்குவது பள்ளி அன்று. நடுவண் அரசின் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககமே (டிஜிசிஏ) ஆகும். எல்லாப் பள்ளிகளும் ஒரே உரிமத்துக்கே ஆயத்தப்படுத்துகின்றன. ஆகவே, எவ்வளவு காலத்தில், எவ்வளவு பாதுகாப்பாகப் பயிற்சியை முடிக்க வைக்கின்றன என்பதே அவற்றுக்கிடையேயான முதன்மையான வேறுபாடு ஆகும்.

பயிற்சிக்குப் பொதுவாக 40 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துக் கடன் பெறும் குடும்பங்களுக்குப் பள்ளித் தெரிவில் நேரும் பிழை பெரும் இழப்பாகிவிடும். இக்கட்டுரை தூத்துக்குடி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தெரிவை விளக்குகிறது.

அடிப்படைத் தகுதிகள்

வணிக விமானி உரிமம் பெறக் குறைந்த வயது 18. இயற்பியல், கணிதம் ஆகிய பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். இப்பாடங்களைப் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றை எழுதித் தேர்ச்சி பெறலாம்.

மருத்துவத் தகுதி இரண்டு நிலைகளில் ஆராயப்படுகிறது. முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றும், பின்னர் முதல் வகுப்புச் சான்றும் பெறப்படும். கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையாகாது. ஆனால் நிறங்களைப் பிரித்தறிய இயலாமை தடையாகலாம். எனவே பள்ளிக்குப் பணம் கட்டும் முன்னரே முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிடுதல் நன்று. 40 வயதுக்குட்பட்டோருக்கு இச்சான்று 12 மாதங்களுக்குச் செல்லுபடியாகும்.

வான்வழி நடத்தல், வானிலையியல், வான்போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. வானொலித் தொடர்புக்குத் தனிச் சான்று தேவை.

200 மணி நேரம்

உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். இதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 300 கடல் மைல் (சுமார் 555 கிலோமீட்டர்) தொலைவுள்ள, இரு வேறு விமான நிலையங்களில் தரையிறங்கும் ஒரு பயணமும் இதில் அடங்கும். இரவுப் பறப்பும், வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியும் கட்டாயமானவை.

ஒரு பள்ளியின் தரத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உதவும். ஒரு பள்ளியில் 10 விமானங்கள் இருப்பதாகக் கொள்வோம். பழுது பார்த்தல் போக 6 விமானங்கள் நாளொன்றுக்கு 5 மணி நேரம், மாதத்தில் 20 நாள்கள் பறந்தால், மொத்தம் 600 மணி நேரம் கிடைக்கும். மாணவர்கள் 50 பேர் எனில் ஒருவருக்கு மாதம் 12 மணி நேரம் கிடைக்கும். 200 மணி நேரம் முடிய ஏறத்தாழ 17 மாதங்கள் ஆகும். அதே பள்ளி 100 பேரைச் சேர்த்திருந்தால் 33 மாதங்களுக்கு மேல் ஆகும். கட்டணம் ஒன்றே, ஆனால் கூடுதல் காலத்துக்கான விடுதிச் செலவும் கடன் வட்டியும் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்கும் செலவும் மாணவரையே சாரும்.

ஆகவே "எத்தனை விமானங்கள் உள்ளன?" என்பதை விட, "சென்ற மாதம் எத்தனை விமானங்கள் பறந்தன, ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் பறந்தார்?" என்பதே கேட்க வேண்டிய வினா ஆகும். இதற்கான விடையைப் பள்ளி அலுவலகத்திடம் மட்டுமன்றி, அங்குப் பயிலும் மாணவர்களிடமும் கேட்டறிதல் வேண்டும்.

வானிலையும் இடமும்

தொடக்கநிலை மாணவர் கண்ணால் பார்த்தே பறப்பதால், மூடுபனி, மழை, பலத்த காற்று ஆகியவை பயிற்சியை நிறுத்திவிடும். வட இந்தியாவில் திசம்பர், சனவரி மாதங்களின் மூடுபனி பல நாள்களை வீணாக்கும். 1985 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாதமி, உத்தரப் பிரதேசத்தின் புர்சத்கஞ்சில் அமைந்துள்ளது.

முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரைக்கு இப்பருவக் கணக்கு புதியதன்று. 1961 ஆம் ஆண்டு வரை நடைபெற்ற முத்துக்குளிப்பும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களைப் பார்த்தே நடத்தப்பட்டது. இவ்வட்டாரத்தில் மூடுபனி அரிது. ஆனால் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே பலத்த காற்று வீசுகிறது. கயத்தாறு பகுதியில் காற்றாலைகள் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்துக்குச் செய்துகாட்டப்பட்ட பக்கக் காற்றின் அளவு மணிக்கு 15 கடல் மைல் மட்டுமே ஆகும்.

வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 சூலை 26 இல் திறந்து வைக்கப்பட்டது. ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டுள்ளது. பயணிகள் விமானங்கள் வந்து செல்லும் நிலையத்தில் பயிலும் மாணவருக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசும் பழக்கம் கிட்டும். ஆனால் பெரிய விமானங்களுக்காகக் காத்திருக்க நேரிடும். இதே மாவட்டத்தில் கோவில்பட்டி அருகே நாலாட்டின்புத்தூரில் உள்ள ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனம் (டிட்கோ) முயற்சி மேற்கொண்டது. சேலம் விமான நிலையமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தால் விமானப் பயிற்சிக்கெனத் தெரிவு செய்யப்பட்டது.

சரிபார்க்க வேண்டியவை

* பள்ளியின் பெயர் இயக்ககத்தின் ஒப்புதல் பட்டியலில் உள்ளதா, ஒப்புதல் எந்நாள் வரை செல்லும்.
* பயிற்றுநர்களின் எண்ணிக்கையும், அவர்கள் அடிக்கடி மாறுகின்றனரா என்பதும்.
* விபத்துகள் குறித்த அரசு விசாரணை அறிக்கைகள்.
* கட்டணம் தவணைகளில் பெறப்படுகிறதா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்து மூலம் தரப்படுகிறதா.

2025 ஆம் ஆண்டு முதல் இயக்ககம் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. முதல் பட்டியலில் எந்தப் பள்ளியும் மிக உயர்ந்த தரநிலையைப் பெறவில்லை.

பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதித் தரும் பள்ளியை விலக்குதல் வேண்டும். 2011 ஆம் ஆண்டில் போலி ஆவணங்கள் மூலம் உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய பதிவு உரிமத்தை இழக்கச் செய்வதுடன் பயணிகளின் உயிருக்கும் ஊறு விளைவிக்கும்.

வெளிநாட்டுப் பயிற்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் பயிற்சி விரைவில் முடியக்கூடும். ஆயினும் அங்குப் பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இந்தியத் தேர்வுகளிலும் பறப்புச் சோதனைகளிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டும். இதற்கான காலத்தையும் செலவையும் சேர்த்தே ஒப்பிடுதல் முறையாகும்.

உரிமத்துக்குப் பின்

உரிமம் பெற்ற உடனே வேலை உறுதியாவதில்லை. ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சியும் செலவும் தேவை. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012 இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 இலும் சேவையை நிறுத்தியபோது அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடினர். புதியவர்களின் காத்திருப்பு நீண்டது. எனவே வேலைக்கு உறுதி தருவதாகக் கூறும் விளம்பரத்தை நம்பாமல், வேலை கிடைக்கும் வரை கடனைச் செலுத்தும் வழியையும் முன்கூட்டியே திட்டமிடுதல் இன்றியமையாதது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான நடுவண் அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்திய கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி பயிற்சியும் சேர்க்கப்பட்டுள்ளது.