ரொங்காலி பிஹுவும் கைத்தறிக் கமோசாவும்

தமிழகத்தில் சித்திரை பிறக்கும் நாள்களை ஒட்டி, அசாமில் ஏழு நாள்கள் ரொங்காலி பிஹு கொண்டாடப்படுகிறது. பழைய ஆண்டின் கடைசி நாள் மாடுகளுக்கு உரியது. அவற்றைக் குளிப்பாட்டி, சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளை மேலே வீசி, ஆண்டுக்கு ஆண்டு வளர வாழ்த்துகின்றனர். மாலையில் புதுக் கயிறு கட்டுகின்றனர். மறுநாள் மனிதர்களின் முறை. பெரியவர்களை வணங்கி, சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துண்டான கமோசாவை அளிக்கின்றனர்.

பிஹுவுக்கென வீட்டுப் பெண்கள் தறியில் அமர்ந்து அதை நெய்வதே வழக்கம். ஆனால், வெளிமாநில விசைத்தறித் துண்டுகள் மலிவு விலையில் சந்தையில் குவிந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நெசவாளியின் பிழைப்புதான் வேறுபடும்.

கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் மத்திய அரசின் சட்டம் 1985 முதலே உள்ளது. எனினும், கமோசாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022 டிசம்பரில்தான். விசைத்தறிக் கமோசா விற்பனையைத் தடுக்க மாநில அரசு முனைந்தது 2023-ல்தான். இத்தனை தாமதத்துக்குக் கட்சி வேறுபாடின்றி எல்லா ஆட்சிகளுமே பொறுப்பு.

அதே 2023 ஏப்ரலில், குவாஹாட்டி சருசஜாய் விளையாட்டரங்கில் 11,000-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் பிஹு ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தனர். பிரதமர் மோடி முன்னிலையிலும் ஆட்டம் நடைபெற்றது. அவருக்கு மட்டுமன்றி, அசாம் செல்லும் தலைவர்கள் அனைவருக்கும் தோளில் அணிவிக்கப்படுவது கமோசாவே.