சாமி, சேட்டு, மதராஸி

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு யுத்தம் மூண்டது. டில்லியில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு ஒரே குறை.

"மாமா! அந்த ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸில் என்னைவிடச் சின்னப் பையன், எல்லாருக்கும் நான் 'மதராஸி'தான். நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது 1969இல். நகரத்துக்குச் சென்னை என்று பெயர் வந்தது 1996இல். மதராஸ் என்ற ஊரே வரைபடத்தில் இல்லை. நான் மட்டும் எப்படி இன்னும் மதராஸி?" என்று பொரிந்து தள்ளினான்.

கேட்டுக்கொண்டிருந்த என் சகதர்மிணியின் மனம் இளகிவிட்டது. "பாவம், குழந்தையை என்னவெல்லாம் சொல்கிறார்கள்!" என்று காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு என் பக்கம் திரும்பி, "சேட்டுக் கடையில் வளையலை மீட்க நாளைதான் கடைசி நாள். போகிற வழியில் மாடியிலிருக்கும் கொல்டியிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் கூர்க்கா இருக்கிறானா என்றும் பாருங்கள்" என்றாள்.

மருமான் என்னைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன்.

பெயரைச் சுருக்குவது ஒரு குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் சென்னைவாசிகளில் ஒருவரும் தப்ப முடியாது. மயிலாப்பூரை 'மயிலை' என்கிறோம். சைதாப்பேட்டையைச் 'சைதை' என்கிறோம். ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் நீண்ட பெயரை ஒற்றை இங்கிலீஷ் எழுத்தாக்கி 'டி. நகர்' என்று முடித்துவிட்டோம். வீட்டிலே கிருஷ்ணமூர்த்தி கிச்சாவாகிறான். இதில் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆஸ்திரேலியர்களை 'ஆஸி' என்றால் அவர்கள் மார்தட்டிக் கொள்வார்கள். ஆனால் அதே மாதிரி பாகிஸ்தானியரைச் சுருக்கிப் பிரிட்டனில் வழங்கிய 'பாக்கி' என்ற சொல் இருக்கிறதே, அது வேறு ஜாதி. நம் ஊரில் பாக்கி என்றால் மளிகைக் கடை நிலுவை. அங்கேயோ 1970களில் தெருவில் ஆசியர்களைத் துரத்தித் துரத்தி அடித்த முரடர்கள் கூவிய சொல். அடிபட்டவர்களில் இந்தியரும் உண்டு. 'பாக்' என்றால் தூய்மை என்று பொருள் என்பது அந்த முரடர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படி நல்ல பொருளுள்ள ஒரு சொல் வசையாக மாறியதை நம்மவர்கள் அனுபவித்தது போல் வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரையில் இவ்விதம் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டங்களில் முத்துசாமியும் ராமசாமியும் குப்புசாமியும் வீராசாமியும் நிறைந்திருந்தார்கள். துரைமார்களுக்கு இந்தப் பெயர்களில் நாக்கு வளையவில்லை. வளைக்க வேண்டிய அவசியமும் தோன்றவில்லை. தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் 'சாமி'! பெண்களுக்கு அந்த வால் கூட மிஞ்சவில்லை. கூடை சுமந்து காய்கறி விற்கப் போன மீனாட்சியும் வள்ளியும் 'மேரி' ஆனார்கள்.

1893இல் டர்பனில் வந்து இறங்கிய காந்தி இதைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்தியர் எல்லாரும் அங்கே 'கூலி' அல்லது 'சாமி'தான். வர்த்தகர் என்றால் கூலி வர்த்தகர். அவரோ கூலி பாரிஸ்டர். சமத்காரம் உள்ள இந்தியர் சிலர், சாமி என்று கூப்பிட்ட வெள்ளைக்காரரிடம், அந்தச் சொல்லுக்கு எஜமானன் என்று அர்த்தம் என்றும், தாங்கள் அவருக்கு எஜமானர் அல்லவே என்றும் பதில் சொல்வதுண்டாம். அதைக் கேட்டுச் சில துரைகள் கூசிப் போவார்கள். வேறு சிலருக்கோ கோபம் பொத்துக்கொண்டு வரும். வசை பொழிவார்கள், சமயம் வாய்த்தால் அடிக்கவும் செய்வார்கள்.

நேயர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியர் தமக்குப் பிடிக்கவில்லையென்றால் 'அப்படிச் சொல்லாதே' என்று சொல்லிவிட்டுப் போகலாம். நேட்டால் சாமி சொன்னால் அடி விழும். சொல் எத்தனை எழுத்துக் குறைந்தது என்பதிலா இருக்கிறது விஷயம்? கூப்பிடப்பட்டவன் திருப்பிப் பேச முடியுமா என்பதில் அல்லவா இருக்கிறது?

1894இல் காந்தியின் ஆபீஸுக்கு ஒரு தமிழ்த் தொழிலாளி வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து ரத்தம் ஒழுகிற்று. தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு நடுங்கியபடி நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். பாரிஸ்டர் முன்னாலும் அப்படித்தான் போலும் என்று நினைத்துவிட்டார். காந்தி முதலில் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தம்மிடமிருந்த தமிழ்க் குமாஸ்தா மூலம் விவரங்களைக் கேட்டறிந்தார். டாக்டரிடம் அனுப்பினார், அடித்த எஜமானனிடமிருந்து அவரை விடுவித்து வேறொருவரிடம் மாற்றியும் வைத்தார். அந்தத் தொழிலாளியின் பெயர் பாலசுந்தரம். 1896 அக்டோபர் 26ஆம் தேதி சென்னை எஸ்பிளனேடில் உள்ள பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசியபோது, பாலசுந்தரத்தின் கதை சபையோரை உலுக்கிவிட்டது. நேட்டாலில் ஆயிரமாயிரம் சாமிகளில் ஒருவராகப் போயிருக்க வேண்டியவரை இன்று நாம் முழுப் பெயரோடு அறிவோம்.

ஒரே சொல் ஓரிடத்தில் கௌரவமாகவும் மற்றோரிடத்தில் இழிவாகவும் இருப்பதும் உண்டு. பினாங்கில் பழமையான 'கப்பித்தான் கெலிங்' பள்ளிவாசல் இருக்கிறது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த 'கெலிங்' அந்தக் காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த சாதாரணச் சொல். பள்ளிவாசலின் பெயரை யாரும் குறை சொல்வதில்லை. அதே சொல்லை இன்று மலேசியாவில் ஒரு தமிழரின் முகத்துக்கு நேரே சொன்னால் கைகலப்பில் முடியும்.

இனி மயிலாப்பூருக்குத் திரும்புவோம். மாடி வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர் நெல்லூர்க்காரர். மார்கழி பிறந்தால் எங்கள் சபாக்களில் தியாகய்யரின் தெலுங்குக் கிருதிகளுக்கு நாங்கள் தலையாட்டுகிற ஆட்டம் உலகப் பிரசித்தம். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த மொழி பேசுகிறவர் 'கொல்டி'. 'மதராஸி' என்ற ஒரே மூட்டைக்குள் தெலுங்கரும் கட்டிப் போடப்பட்டிருந்த காலம் உண்டு. தங்களுக்கென்று தனி ராஜ்யம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் தேதி உயிர் நீத்தது வேறெங்குமில்லை; இதே மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடு ஒன்றில்.

கூர்க்கா விஷயம் இன்னும் விசித்திரமானது. கோர்க்கா என்பது நேபாளத்தில் ஒரு மலை ஊர். எங்கள் வாசலில் காவலிருப்பவரோ அஸ்ஸாம்காரர். நேபாளத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லையாம். "காவல் காப்பவர் எல்லாம் கூர்க்காதானே?" என்றாள் என் மனைவி. இதே தர்க்கப்படிதான் காந்தி கூலி பாரிஸ்டர் ஆனார். நம் அடையாறு, டி. நகர் ஹோட்டல்களில் பரிமாறும் வடகிழக்குப் பிள்ளைகளின் கண்களைக் கேலி செய்யும் சொல்லை அச்சேற்ற எனக்கு மனமில்லை. 2014 ஜனவரியில் டில்லிக் கடைவீதியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவரின் தோற்றத்தைப் பரிகசித்ததில் தொடங்கிய சண்டை அவருடைய மரணத்தில் முடிந்தது. அதன் பிறகே மத்திய சர்க்கார் பெஸ்பருவா கமிட்டியை நியமித்தது.

"சேட்டு என்பதும் வசையா? நாற்பது வருஷமாக அப்படித்தான் சொல்கிறோம். அவர் சிரித்துக்கொண்டுதானே பதில் சொல்கிறார்?" என்று என் மனைவி விடாமல் வாதாடினாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 'சிரேஷ்டி' என்ற உயர்ந்த சம்ஸ்கிருதச் சொல்லின் வழியில் வந்தது அது. 'சேட்ஜி' என்று மரியாதையாக அழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடை வைத்திருப்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்? நேட்டாலில் கூடைக்காரி மேரியும் வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துத்தான் இருப்பாள்.

மறுநாள் காலை கச்சேரி ரோட்டு அடகுக் கடைக்குப் போனேன். பணத்தை எண்ணி வைத்தேன், வளையல் வந்தது. வழக்கமாக அடகுச் சீட்டை நான் படிப்பதில்லை. அன்று படித்தேன். என் பெயர், என் தகப்பனார் பெயர், வீட்டு எண், தெரு, எல்லாம் அவர் கையெழுத்தில், தமிழில், ஒரு பிழையுமின்றி இருந்தன. ராமஸ்வாமியின் 'ஸ்வா'வைக் கூட விட்டுவிடவில்லை. சீட்டின் தலைப்பில் அவருடைய பெயர் அச்சிட்டிருந்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்; மூன்றாம் முறை அவரே திருத்தினார்.