எளிமையும் ஒரு பாதுகாப்பே: டிராம்பேயில் உருவான புற்றுநோய்க் கருவி உணர்த்துவது என்ன?

மும்பை: பணியிடக் கருவிகள் எளிதாக இயக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது ஊழியர்களின் வசதிக்கான கோரிக்கையாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. ஆனால் மருத்துவமனையின் கதிர்வீச்சு அறையில் அது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த ‘பாபாட்ரான்’ கருவி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பாபாட்ரான் எவ்வாறு இயங்குகிறது?

கோபால்ட்-60 என்ற கதிரியக்க மூலத்தில் இருந்து வெளிப்படும் காமா கதிர்களைப் புற்றுநோய்க் கட்டியின் மீது இக்கருவி செலுத்துகிறது. இதே பணிக்குப் பயன்படும் நேரியல் முடுக்கியானது மின்சாரத்தைக் கொண்டு கதிர்களை உருவாக்குகிறது. அதற்குச் சீரான மின்சாரமும் நிபுணர்களின் தொடர் பராமரிப்பும் தேவை. கோபால்ட் மூலத்தில் இருந்து கதிர்கள் இயல்பாகவே வெளிவருவதால், வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் இதனை இயக்க முடியும். கணினிக் கட்டுப்பாடு கொண்ட பாபாட்ரானில், மின்தடையைச் சமாளிக்க மின்கல வசதியும் உள்ளது. வியட்நாமின் கான் தோ நகர மருத்துவமனைக்கு இக்கருவியை இந்தியா நன்கொடையாக வழங்கியது.

இதற்கு வரம்புகளும் உண்டு. கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். அதன் பின்னர் அதே அளவு கதிர்வீச்சை அளிக்க இருமடங்கு நேரம் ஆகும். உடலின் ஆழத்தில் உள்ள கட்டிகள் பலவற்றுக்கு முடுக்கியே ஏற்றது.

எளிமை தவறியபோது

கனடாவில் தயாரிக்கப்பட்ட ‘தெராக்-25’ என்ற சிகிச்சைக் கருவியால், 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாகினர். அவர்களில் சிலர் உயிரிழந்தனர். முந்தைய மாதிரியில் இருந்த தனித்த பாதுகாப்புப் பூட்டுகள் இதில் நீக்கப்பட்டு, அப்பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது.

1986-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேரிட்ட விபத்தின்போது, திரையில் ‘கோளாறு 54’ என்ற குறிப்பு தோன்றியது. அதன் பொருளை இயக்குநர் அறிந்துகொள்ளப் போதிய விளக்கம் கையேட்டில் இல்லை. இத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி தோன்றுவது வழக்கம் என்பதால், ஒரே விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்வது ஊழியர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

எது எளிமை?

கோபால்ட் கருவிகளில் மின்சாரம் நின்றால், கதிரியக்க மூலம் தானாகவே கவசத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு நெறி. மூலம் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கணினித் திரையின் உதவியின்றிக் கண்ணால் காண உதவும் அடையாளக் கம்பியும் பல கருவிகளில் உண்டு.

பொத்தான்களைக் குறைப்பதால் மட்டும் ஒரு கருவி எளிதாகிவிடாது. உள்ளே நடப்பதை அது ஊழியருக்குப் புரியும் சொற்களில் உடனே தெரிவிக்க வேண்டும். ஆபத்தான எச்சரிக்கையை ஒரே விசையால் கடந்துசெல்ல இடமளிக்கக் கூடாது. மருத்துவமனை முதல் அலுவலகம் வரை, புதிய கருவியை வாங்கும் முன், அதை நாள்தோறும் இயக்கவிருக்கும் ஊழியர்களைக் கொண்டே இவற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.