தலைமைக்கும் பயிற்சி வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்து மோட்டார் ஆலைகள் வாலிபர்களுக்கு யந்திரத்தைப் பழக்குகின்றன. மனிதரை நடத்தப் பழக்குவோர் யார்?

1907-இல் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் கூட்டிய முகாமில் சிறுவரை நான்கு அணிகளாக்கி, ஒவ்வொன்றையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் ஒப்புவித்தார். பொறுப்பே ஆசான் என்பது அதன் படிப்பினை. ஆயினும், முதலுதவியும் நீர்நிலைக் காவலும் அறியாதவன் கையில் குழந்தைகளை விடுதல் தகாது.

ஸ்ரீபெரும்புதூரிலேயே 1993 முதல் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2012-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்குத் தேசிய முக்கியத்துவம் அளித்தது. அந்நிறுவனமும் ஆலை முதலாளிகளும் சேர்ந்து, கோடை விடுமுறைக்கு முன்பே, பதினேழு, பதினெட்டு வயது மாணவரைத் தேர்ந்து முகாம் நடத்தப் பயிற்றவேண்டும். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் சிறுவர்க்கு அது காவல், நடத்துவோர்க்குக் கல்வி. இளையோரை நீதியுடன் நடத்தக் கற்றவனே நாளைச் சங்கத்தையும் பஞ்சாயத்தையும் நடத்தத் தக்கவன்.