கசாக்கில் வழி தவறும் வாசகர்கள்

ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலானது. மலையாள நாவல் வரலாற்றையே இதற்கு முன், பின் என்று பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் வாசிப்பில் பலரையும் திணறவைக்கும் நாவலும் இதுதான்.

பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் கிராமமே நாவலில் வரும் கசாக் என்ற ஊருக்கு மூலம். விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியவர். நாவலில் ரவி அப்படியொரு பள்ளிக்கு ஆசிரியராக வருகிறான். அதன்பின் கதை நேர்கோட்டில் நகர்வதில்லை. அள்ளாப்பிச்சா மொல்லாக்கா, நைசாமலி, மைமூனா, அப்புக்கிளி என ஆட்களும் கிளைக்கதைகளும் பெருகுகின்றன. நடப்பும் தொன்மமும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் சோர்கிறார்கள்.

மொழி இன்னொரு தடை. தமிழ் கலந்த பாலக்காட்டு எல்லைப் பேச்சு, கேரளத்தின் பிற பகுதி வாசகர்களுக்குப் பழகியதல்ல. தமிழ் வாசகர்களுக்கு யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அது 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக்கதைபோல மெதுவாக வாசித்தால் சிக்கல் குறையும். அப்படியும் பிடிக்காவிட்டால் மூடிவைப்பதில் தவறில்லை. புகழ்பெற்ற நூல் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இலக்கியத்தில் இல்லை.